மீற்றர் பார்க்கிறவள்

காலை எட்டுக்கே மூன்று பஸ்கள்.
மாத்தறை, குளியாப்பிட்டி,
மற்றதன் பலகையை வாசிக்க முதல் திரும்பிவிட்டது.
தலைநகர் பார்க்க வந்திருக்கிறார்கள்,
கொஞ்சக் காலம் அப்படி இருந்த ஊரை.
இங்கே சிலைகளுக்கு என்னைவிட வயது குறைவு.

நானும் சுற்றிப் பார்க்கத்தான் சம்பளம் வாங்குகிறேன்.
ஸ்கூட்டி, மட்டை கிழிந்த கொப்பி,
மூடி நெம்ப ஒரு ஸ்குரூ டிரைவர்.

நினைவுத்தூபியில் தொடங்குவது வழமை.
பெரிய சீமெந்துக் கட்டி,
குண்டு பட்டதுபோல் ஒரு வெடிப்பு, அதிலே பூ.
பூவுக்குத் தண்ணீர் தேவையில்லை, அதுவும் வார்த்ததுதான்.
சுற்றியுள்ள புல்லுக்குத் தேவை.
மூடியைத் தூக்கினால் எறும்பு,
எறும்பை ஊதினால் இலக்கம்.
போன மாதத்திலிருந்து நூற்றுத் தொண்ணூற்றாறு அலகு.
நல்ல பச்சை.
தொப்பியைக் கழற்றி வியர்வை துடைத்த ஆமிப் பெடியன்
சரியா என்று தலையாலே கேட்டான்.
சரி என்று தலையாலே சொன்னேன்.

பின் ஒழுங்கையில் யோகமலர் அக்கா வீட்டில் நான்கு.
"பைப் வாறது அரை மணித்தியாலம்,
அதிலயும் காத்துத்தான் கூட."
காற்றுக்கும் இது சுற்றும் அக்கா,
ஆனால் நான் எழுதி என்ன, நம்பவா போகிறார்கள்.
பக்கத்து வளவு பூட்டு. பூச்சியம்.
பூச்சியத்தையும் எழுதத்தான் வேண்டும்,
வெறுங்கட்டத்தைக் கணினி ஏற்காது.

பிறகு தாங்கி.

என் கொப்பியில் பக்கம் இல்லாத ஒரே இடம்.
ஒருகாலம் எங்கள் கந்தோரின் சொத்து,
இப்போது பார்வையிடும் இடம்.
பக்கவாட்டில் படுத்திருக்கிறது, கம்பிகள் வெளியே.
ஏறப் போட்ட ஏணி தரையோடு கிடக்க
பிள்ளைகள் அதைத் தண்டவாளமாக்கி ரயில் ஓட்டுகிறார்கள்.
குனிந்து உள்ளே பார்த்தால்
நீர்மட்டக் கறை இன்னும் இருக்கிறது,
செங்குத்தாக.

வழிகாட்டி கை நீட்டிக் கதைக்கிறார்.
எனக்கு அந்த மொழி கந்தோர் அளவுக்கு வரும்,
படிவம் நிரப்ப, லீவு கேட்க.
விழுந்தது என்கிறாரா விழுத்தினார்கள் என்கிறாரா,
வினைச்சொல் வருகிற நேரம் பார்த்து
லொறி ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போகிறது.

விழுந்த சத்தம் கேட்டதா என்று
முன்னொருக்கால் ஒரு வெள்ளைக்காரர் கேட்டவர்.
நான் அப்போது தர்மபுரத்தில், பௌசர் வரிசையில்,
கையில் ஐந்து லீற்றர் கான்.
அந்த நாட்களில் எல்லாம்தான் விழுந்தது ஐயா,
எது எதன் சத்தமென்று யார் பிரித்தார்.

ஏணியிலிருந்து ஒரு சிறுமி இறங்கி வந்தாள்,
என் நீலச் சீருடையை மட்டும் நம்பி.
"வத்துர கோ?"

தண்ணீர் எங்கே.
ஒரு கணம் நான் தாங்கியைப் பார்த்தேன்.
எவ்வளவோ சொல்ல வந்தது,
எந்த மொழியில் தொடங்குவதென்று தேடினேன்,
இறந்தகாலம் அந்த மொழியில் எப்படி முடியும் என்றுகூட யோசித்தேன்.
அவளோ போத்தலைக் கவிழ்த்துக் காட்டினாள்.
வெறும் போத்தல்.

கடையோரப் பைப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.
முதலில் இருமல், பிறகு நூலளவு.
"சந்துனி!" என்று பஸ்ஸிலிருந்து தாய் கூப்பிட,
"இருங்கோ" என்றேன், தமிழில்தான்,
அவள் இருந்தாள்.
அரைப் போத்தல் நிறைய இரண்டு நிமிடம்.
காலடியில், மூடி திறந்த மீற்றரில்,
சின்னச் சிவப்பு முள்
முக்கி முக்கிச் சுற்றியது.

இந்த மாதக் கணக்கை எழுதி முடித்திருந்தேன்.
அந்த அரைப் போத்தல்
அடுத்த மாதத்தில் விழும்.